எழும்பூர் நிலையம் மால் ஆகிவிடுமா?

2022 மே 26 அன்று பிரதமர் சென்னையில் அடிக்கல் நாட்டிய ஐந்து ரயில் நிலையத் திட்டங்களில் எழும்பூரும் ஒன்று. மதிப்பீடு 734.91 கோடி ரூபாய். தொடக்கத்தில் சொன்ன மூன்று ஆண்டுக் கெடு கடந்துவிட்டது. வேலை இழுக்க இழுக்க, வாசகர் கடிதங்களில் குழப்பமும் கூடுகிறது. கட்டடத்தை இடிக்கிறார்களா, உள்ளே துணிக்கடை வரப்போகிறதா, நிலத்தையே விற்றுவிட்டார்களா என்று மூன்றையும் சேர்த்து ஒரே கோபமாக எழுதுகிறார்கள். உண்மையில் இவை தனித்தனிக் கேள்விகள். முதல் இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது அப்படியல்ல.

இடிப்பு இல்லை. 1908 ஜூனில் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம் அப்படியே நிற்கும் என்பதுதான் அறிவிக்கப்பட்ட திட்டம். காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய முனையக் கட்டடங்கள் எழும்பும். தண்டவாளங்களுக்கு மேலே அகலமான நடைத்தளம் வரும். கடைகளுக்கும் இடம் உண்டு. ஹென்றி இர்வின் வரைந்த முகப்பைத் தொடமாட்டார்கள் என்பதை நம்பலாம். அதைத் தொட்டால் சென்னை சும்மா இருக்காது என்று ரயில்வேக்கும் தெரியும். நான் கவலைப்படுவது முகப்பைப் பற்றி அல்ல.

அமைச்சகத்தின் குறிப்புகளில் 'மறுமேம்பாடு' என்றால் உலகத்தரம், பயணிகள் வசதி, நகர மையம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் பொருள் இன்னும் எளிமையானது. ரயில் ஏற வராதவரும் வந்து பணம் செலவழிக்கும்படி நிலையத்தை மாற்றுவது, அந்தச் செலவிலிருந்து வாடகை வாங்குவது. இதில் தவறில்லை. நகரத்தின் நடுவே ஆயிரக்கணக்கானோர் தினமும் நடக்கும் இடத்தில் கடை வைக்காமல் வேறெங்கே வைப்பது? அந்த வாடகை யார் கைக்குப் போகிறது, எத்தனை காலத்துக்கு, எந்தக் காகிதத்தின் பேரில் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் காகிதத்தின் பெயர் குத்தகை.

ரயில்வேக்கு உடனடித் தேவை இல்லாத நிலத்தை வணிகத்துக்கு விடுவதற்கென்றே ரயில் நில மேம்பாட்டு ஆணையம் என்ற அமைப்பு இருக்கிறது. 2005இல் ரயில்வே சட்டத்தைத் திருத்தி அதற்கு வழி செய்தார்கள். நிலையங்களைத் தனியாரிடம் கொடுத்துப் புதுப்பிக்கும் திட்டம் பேசப்பட்டபோது, முதலீட்டாளர்கள் முக்கியமாக இரண்டு சலுகை கேட்டார்கள்: குத்தகைக் காலம் நீள வேண்டும், தாங்கள் எடுத்ததைப் பிறருக்கு உள்குத்தகைக்கு விட அனுமதி வேண்டும். 2018 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 99 ஆண்டுகள் வரையிலான குத்தகைக்கு ஒப்புதல் அளித்தது. விமர்சனம் எழும்போதெல்லாம் வரும் அதிகாரபூர்வப் பதில் ஒன்றே: நிலத்தின் உரிமை ரயில்வேயிடமே இருக்கும்.

சட்டப்படி அது உண்மை. பணக்கணக்கில் அந்த உரிமை எவ்வளவு பெறும்?

இன்று 100 கோடி ரூபாய் பெறும் ஒரு மனை 99 ஆண்டு கழித்து ரயில்வேயின் கைக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 99 ஆண்டு முடிவில் 100 கோடி கிடைக்க வேண்டுமென்றால், 8 சதவீதக் கூட்டு வட்டியில் இன்று எவ்வளவு போட வேண்டும்? ஏறக்குறைய 5 லட்சம் ரூபாய். நிலத்தின் விலை ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறும் என்று கணக்கிட்டாலும், திரும்பிவரப்போகும் அந்த உரிமையின் இன்றைய மதிப்பு 6 கோடியைச் சற்றே தாண்டும். மீதி 94 கோடியும் குத்தகைக்காரரிடம் இருக்கிறது. அவரிடமிருந்து வாங்கும் முன்பணமும் ஆண்டு வாடகையும் அந்த 94 கோடிக்கு ஈடாக இருந்தால் ரயில்வேக்கு நட்டமில்லை. குறைந்தால், விற்பனைப் பத்திரம் எழுதாமலே விற்றதற்குச் சமம். 'உரிமை எங்களிடமே' என்ற வாக்கியம் இந்தக் கணக்கைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் இது பாதிக் கதைதான். நீண்ட குத்தகை என்பது தானே ஒரு சொத்து. அதை விற்கலாம், அடமானமும் வைக்கலாம். போக்கியத்துக்கு எடுத்த வீட்டின் பத்திரத்தைக் காட்டிக் குடியிருப்பவர் வேறொருவரிடம் கடன் வாங்குவதுபோல. கடனைக் கட்டாமல் போனால் கடன்காரர் வந்து நிற்பது வீட்டு வாசலில். ரயில் நிலையத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. வாஷிங்டனில் நடந்திருக்கிறது.

அமெரிக்கத் தலைநகரின் யூனியன் ஸ்டேஷன் 1907இல் திறக்கப்பட்டது. டேனியல் பர்னம் வடிவமைத்த, கூரை அண்ணாந்து பார்க்க வைக்கும் கட்டடம். ரயில் பயணம் குறைந்த காலத்தில் அதை அரசே பார்வையாளர் மையமாக மாற்றியது. 1976 ஜூலை 4 அன்று திறந்த மையத்துக்காகப் பெரிய கூடத்தின் தரையைத் தோண்டிப் பள்ளமாக்கிப் படக்காட்சி வைத்தார்கள். கூட்டம் வரவில்லை, இரண்டே ஆண்டில் முடிந்துபோனது. 1981இல் மழைநீர் கூரை வழியே இறங்கியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. கடைகள், உணவகங்கள், திரையரங்கு ஆகியவற்றின் வாடகையில் நிலையத்தை வாழவைப்பது என்று முடிவானது. சுமார் 16 கோடி டாலர் செலவில் 1988 செப்டம்பரில் மீண்டும் திறந்தார்கள். பல ஆண்டுகள் அது பெரிய வெற்றி. உலகெங்கும் நிலையக் கட்டடங்களைக் கடைகளாக்கப் புறப்பட்டவர்கள் முதலில் போய்ப் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று.

காகிதத்தில் அந்த நிலையம் அடுக்கடுக்காக இருந்தது. உரிமையாளர் மத்திய அரசு. அதனிடமிருந்து நீண்ட குத்தகைக்கு எடுத்தது லாபநோக்கற்ற ஒரு கழகம். கழகத்திடமிருந்து 2084 வரை உள்குத்தகை பெற்றது தனியார். 2007இல் நியூயார்க் மனை வணிக நிறுவனம் ஒன்று அந்த உள்குத்தகையை 16 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னர் அதன் மேல் ஏறிய கடன் 43 கோடி டாலர். கவனியுங்கள், கட்டடத்தின் மேல் அல்ல, கட்டடத்தைப் பயன்படுத்தும் உரிமையின் மேல். கொரோனாவில் கடைகள் காலியாயின, தவணை நின்றது, கடன் கொடுத்தவர் உரிமை கோரினார்.

தினமும் அங்கிருந்து ரயில் ஓட்டும் ஆம்ட்ராக் இதில் எங்கே இருந்தது? அடுக்கின் அடியில், இன்னொரு வாடகைக்காரராக. தன் பயணிகள் காத்திருக்கும் கூடத்தை விரிவாக்கவும் மேலே இருந்தவர்களின் சம்மதம் வேண்டும். 2022 ஏப்ரலில் ஆம்ட்ராக் நீதிமன்றம் போனது. பொதுத் தேவைக்காகச் சொத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, 25 கோடி டாலர் இழப்பீடு தருவதாகச் சொல்லி உள்குத்தகையைக் கேட்டது. தொகை போதாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நிலையம் ஆம்ட்ராக் கைக்கு வந்தது 2024 கோடையில்தான். அரசுக்குச் சொந்தமான நிலையத்தை, அரசின் பணத்தில் ஓடும் ரயில் நிறுவனம், பொதுப்பணம் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. இவ்வளவும் நடந்த காலத்தில் நிலத்தின் உரிமை ஒரு நாளும் கைமாறவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

கடைகளே வேண்டாம் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்ட மாட்டேன். லண்டன் செயின்ட் பாங்க்ராஸைப் பாருங்கள். அங்கே நடைமேடைக்குக் கீழே உள்ள நிலவறை, பர்ட்டன் ஊர் பீர்ப் பீப்பாய்களை அடுக்குவதற்காகக் கட்டியது. தூண்களின் இடைவெளிகூடப் பீப்பாய் அளவைக் கொண்டு வைத்ததுதான். 2007இல் யூரோஸ்டார் அங்கே வந்தபோது அந்த நிலவறையே கடைத்தெருவானது. இன்றும் கூட்டம் குறையவில்லை, காரணம் மேலே ரயில் ஓடுகிறது. 1894இல் திறந்த செயின்ட் லூயிஸ் நிலையத்தில் 1978இல் கடைசி ரயில் போய்விட்டது. 1985இல் சுமார் 15 கோடி டாலர் போட்டுக் கடைகளும் ஹோட்டலுமாகத் திறந்தார்கள். கடைகள் மெல்ல மெல்லக் காலியாகி, 2019இல் அங்கே மீன் காட்சியகம் வந்தது. இண்டியானாபொலிஸ் நிலையத்தின் கடைத்தெரு 1986 முதல் 1997 வரைதான் தாங்கியது. கடைகளின் ஆயுள் பத்து, முப்பது ஆண்டு. குத்தகையின் ஆயுளோ 99. நடுவில் எழுபது ஆண்டு அந்தக் கட்டடத்தின் கூரையை யார் பழுதுபார்ப்பது?

நம் நாட்டில் முதலில் இந்த வழியில் போனது போபாலின் ஹபீப்கஞ்ச். 2021 நவம்பர் 15 அன்று ராணி கமலாபதி என்ற பெயரோடு திறக்கப்பட்டது. தனியார் நிறுவனத்துக்கு நிலையப் பராமரிப்பு 8 ஆண்டு, பக்கத்து நிலத்தில் வணிகக் குத்தகை 45 ஆண்டு. முன்பு சொன்ன அதே வட்டிக்கணக்கில், 45 ஆண்டு கழித்து வரும் 100 கோடிக்கு இன்று போட வேண்டியது 3 கோடியே 13 லட்சம். 99 ஆண்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 8 ஆண்டில் தீர, நிலத்தின் பலன் 45 ஆண்டு ஓடுவது சரியா என்பதை மட்டும் போபால்காரர்கள் கேட்க வேண்டும்.

எழும்பூரின் நிலை இப்போதைக்கு வேறு. கட்டுமானச் செலவை ரயில்வே தானே ஏற்கிறது. அதனால் கடனைக் காட்டிக் கடைகளைப் பிடுங்க இன்று யாரும் இல்லை. வேலை முடிந்த பிறகு வணிகப் பகுதியை எப்படி விடப்போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தனித்தனிக் கடைகளாக ஐந்து, பத்து ஆண்டு உரிமத்துக்கு விட்டால் ரயில்வேயின் பிடி தளராது. மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தால், குறைந்தபட்சம் இரண்டு நிபந்தனையாவது ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். பயணிகள் நடக்கும், காத்திருக்கும் பகுதி எந்தக் குத்தகையிலும் சேரக்கூடாது. குத்தகை உரிமையை அடமானம் வைத்தால், கடன் தவறும்போது முதலில் விலை கேட்கும் உரிமை ரயில்வேக்கு, அதுவும் முன்பே எழுதிய விலையில். இந்த இரண்டும் எழுதியிருந்தால் வாஷிங்டனில் வழக்கே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

மற்ற கேள்விகள்:

நடைமேடைச் சிறு கடைகள் என்ன ஆகும்? அவை தனி உரிமத்தில் நடப்பவை. மொத்தக் குத்தகை வந்தால் முதலில் அடிபடுவது அவைதான்.

கடைகள் வந்தால் நடைமேடைச் சீட்டு வாங்க வேண்டுமா? கடைகள் நுழைவுச் சோதனைக்கு வெளியே இருந்தால் வேண்டாம், வரைபடத்தில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வண்டி நிறுத்தக் கட்டணம் ஏறுமா? ஹபீப்கஞ்சில் ஏறியது, ஊர் எதிர்த்தது.

ராயபுரத்தை ஏன் இப்படிச் செய்யவில்லை? 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய நிலையம் அது. எழும்பூர் அளவுக்கு இன்று அங்கே ஆள்நடமாட்டம் இல்லை.

சென்ட்ரல் பக்கம் கடைத்தெரு இருந்ததே? இருந்தது, மூர் மார்க்கெட். 1985 தீவிபத்தில் அழிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம்.

குத்தகை ஒப்பந்தத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா? ஏல ஆவணங்கள் ரயில் நில மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் வரும். கையெழுத்தான ஒப்பந்தம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும்.