ஒரே வலையமைப்பில் இரு நெறிமுறைகள்

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அருகருகே இருக்கும் இரண்டு கணினிகளில் ஒன்று இணையத்தில் இணைகிறது. மற்றொன்று இணைய மறுக்கிறது. 'பழைய கணினி, ஒதுக்கிவிடலாம்' என முடிவெடுக்கும் முன், அவற்றின் நெறிமுறை அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தரவை எப்படிப் பிரிப்பது, எந்த முகவரியிட்டு அனுப்புவது என்று கணினிகளுக்கு இடையே உள்ள உடன்பாடே நெறிமுறை. நெறிமுறை பொருந்தாவிட்டால் கம்பி சரியாக இருந்தும் பயனில்லை.

எர்நெட் காட்டிய வழி

இந்தியக் கல்வி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டத்தை மத்திய அரசின் மின்னணுவியல் துறை 1986இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் அதில் இடம்பெற்றன. டி.சி.பி./ஐ.பி., ஓ.எஸ்.ஐ. ஆகிய இரண்டில் எது நிலைக்கும் என்பது அப்போது உறுதியாகவில்லை. எனவே எர்நெட் தன் முதுகெலும்புத் தடத்தில் இரண்டையும் இயக்கியது. 1995க்குப் பின் ஏறத்தாழ எல்லாப் போக்குவரத்தும் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது. எது வெல்லும் என்று தெரியும்வரை யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைய சிக்கல்

ஐ.பி. பதிப்பு 4இன் முகவரி 32 பிட் நீளமுடையது. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே கிடைக்கும். உலகப் பொதுக் கையிருப்பு 2011இல் தீர்ந்தது. பதிப்பு 6இன் முகவரி 128 பிட். ஆனால் பதிப்பு 4 மட்டும் அறிந்த கருவியால் அதனுடன் நேரடியாகப் பேச இயலாது. இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன:

1. இரட்டை அடுக்கு: ஒரே கருவியில் இரு பதிப்புகளும் இயங்கும்.
2. சுரங்கவழி: ஒரு பதிப்பின் தரவுப் பொட்டலத்தை மற்றதன் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புவது.
3. மொழிபெயர்ப்பு: இடையிலுள்ள கருவி முகவரியை மாற்றித் தருவது.

வகுப்பறையில்

நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்று பிள்ளையார்பட்டியில் உள்ளது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன 'விலாசம்' கொண்டே குடும்பத்தையும் தொழிலையும் அடையாளம் காண்பது செட்டிநாட்டு வழக்கம். இதையே செயல்பாடாக்கலாம். ஒரு குழு விலாசமும் ஊரும் மட்டும் எழுதிக் கடிதம் அனுப்பட்டும்; மற்றது கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் எழுதட்டும். இரண்டு முறையும் தெரிந்த தபால்காரராக நடிக்கும் மாணவர் இரட்டை அடுக்கு. உறைக்குள் உறை வைப்பவர் சுரங்கவழி. விலாசத்தைக் கதவு எண்ணாக மாற்றி எழுதுபவர் மொழிபெயர்ப்பாளர். மூன்றையும் நடித்துப் பார்த்த பிறகு விளக்கம் எளிதாகும்.

ஆய்வகத்தில்

இணையாத கணினியின் நெட்வொர்க் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். முகவரி 169.254 எனத் தொடங்கினால், பெரும்பாலும் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். கணினி பழுது என்று பொருளல்ல. பதிப்பு 6 வந்துவிட்டது என்பதற்காகப் பதிப்பு 4ஐ நிறுத்திவிட வேண்டாம். பழைய பிரிண்டர்கள் பல அதை மட்டுமே அறிந்தவை. இரண்டையும் இயங்க விட்டால், வேலை செய்யும் கருவி எதையும் மாணவர்கள் இழக்க வேண்டியதில்லை.