நலமாக இருக்கிறார் என்றோம்

நாகபுரியில் நம் சங்கம் நடத்தும் பொங்கல் விழாவுக்கு நாம் மூன்றாண்டுகளாகத் தனியாகவே வந்து போனதை அன்பர்கள் கவனித்திருப்பார்கள். “வீட்டில் வரவில்லையா?” என்று பரிவோடு கேட்டவர்களிடம் ஓராண்டு தலைவலி என்றோம், மறு ஆண்டு ஊருக்குப் போயிருக்கிறார் என்றோம், மூன்றாம் ஆண்டு என்ன சொன்னோம் என்பது எமக்கே நினைவில்லை. அவை யாவும் பொய். அந்நாட்களில் எம் துணைவியார் விழாப் பந்தலுக்கு இரண்டு கல் தொலைவில், ரயில்வே குடியிருப்பில், சன்னல்களைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். அவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. இதை எழுத அவர் இசைவு தந்தார். எழுதியதைப் படித்து இரண்டு இடங்களில் திருத்தியும் கொடுத்தார். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றார். ஆகவே எம் பெயரையும் விடுத்தோம், அறிந்தவர் அறிந்துகொள்க.

2020ஆம் ஆண்டின் இறுதியில் அது தொடங்கிற்று. பக்கத்து வீட்டார் சுவருக்கு அப்பாலிருந்து தம்மை ஏசுவதாக அவர் சொன்னார். அந்தக் குரல்கள் தமிழில் பேசின. எம் குடியிருப்பு வரிசையிலோ தமிழ் பேசும் குடும்பம் வேறொன்றும் இல்லை. ஐயம் தோன்றியது அதனால்தான். மாமியார் அவரைக் குணசீலத்துக்கு அழைத்துச் சென்று 48 நாட்கள் தங்கச் செய்தார். அந்த நம்பிக்கையை நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் திரும்பி வந்தபோது குரல்களும் உடன் வந்தன. பின்னரே மனநல மருத்துவரிடம் சென்றோம். மருந்தினால் ஆறு மாதத்தில் குரல்கள் ஏறக்குறைய ஓய்ந்தன. ஓயாதது வேறொன்று. காலையில் எழுந்து பல் துலக்க வேண்டும், தலை வார வேண்டும், யாரிடமாவது நாலு வார்த்தை பேச வேண்டும் என்னும் ஊக்கம் அவரிடமிருந்து அகன்றுவிட்டது. குரல்களை அடக்குவது மருந்துக்கு எளிது என்றும், ஊக்கத்தைத் திருப்பித் தருவது அரிது என்றும் மருத்துவர் சொன்னார். அதைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொண்ட நாட்களும் எம் கணக்கில் உண்டு.

இவ்வாறு நாட்கள் சென்றுகொண்டிருக்கையில், 2024ஆம் ஆண்டில் எமக்கு மாற்றல் உத்தரவு வந்தது. முன்பதிவு அலுவலகத்தில் பணம் கையாளும் எம் போன்ற குமாஸ்தாக்களை நான்காண்டுக்கு ஒரு முறை இடம் மாற்றுவது வழக்கம். அதில் எவர்மீதும் குற்றமில்லை. ஆனால் எம்மை அனுப்பவிருந்த சிறு சந்திப்பு நிலையத்தில் மனநல மருத்துவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு மாதமும் மருந்துக்காக ஆறு மணி நேரம் போகவும் ஆறு மணி நேரம் வரவும் அவரை ரயிலில் அழைத்து வருவது ஆகிற காரியமா? விழித்துக்கொண்டிருந்தபோது, உடன் பணிபுரியும் அன்பர் ஒருவர் 8-10-2018 தேதியிட்ட மத்திய அரசின் குறிப்பாணை ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். மாற்றுத்திறனுடைய பிள்ளையையோ, பெற்றோரையோ, உடன்பிறந்தாரையோ, வாழ்க்கைத் துணையையோ பேணும் அரசு ஊழியருக்கு வழக்கமான மாற்றலிலிருந்து விலக்குத் தரலாம் என்பது அதன் சாரம். ‘நிர்வாக வசதிக்கு உட்பட்டு’ என்ற சொற்றொடரும் அதில் இருக்கிறது. அலுவலகத் தமிழும் ஆங்கிலமும் அறிந்தோர்க்கு அச்சொற்றொடரின் நீள அகலம் தெரியும். எனினும் ஒரு வழி இருந்தது. அதற்கு வேண்டியது ஒரு சான்றிதழ். அதில் குறைந்தது 40 விழுக்காடு.

மனநோயும் சட்டப்படி ஓர் ஊனம் என்பதை நாம் அன்றுதான் அறிந்தோம். கையோ காலோ கண்ணோ குறைந்தவர்க்கே சலுகை என்று எண்ணியிருந்தோம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மனநோய் சேர்க்கப்பட்டிருந்ததாம். 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளுள் அதுவும் ஒன்று. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இச்சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. சான்றிதழுக்காகச் சொந்த ஊருக்குப் போக வேண்டுவதில்லை. முகவரிச் சான்றில் உள்ள மாவட்டத்திலோ, சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ விண்ணப்பிக்கலாம். ஓரிடத்தில் பெற்றது நாடு முழுவதும் செல்லும். விண்ணப்பம் கணினி வழியே. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, சிகிச்சைச் சீட்டுகள் இவ்வளவே வேண்டும். பழைய சீட்டுகளை எம் துணைவியார் ஒரு பிஸ்கட் டப்பாவில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். நோயின் நடுவிலும் அதைச் செய்திருந்தார்.

விண்ணப்பம் போட்டதைத் தொலைபேசியில் கேட்ட மாமனார் மறுநாளே சென்னை வந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார். வந்தவர் எம்மிடம் நேரடியாக ஒன்றும் கேட்கவில்லை. இரவு உணவுக்குப் பின், “மாப்பிள்ளை, இந்தக் காகிதமெல்லாம் எதுக்கு? எங்க கிட்ட மறைக்காதீங்க. பொண்ணைக் கொண்டுபோய் விடறதா இருந்தா நேரா சொல்லிடுங்க” என்றார். எமக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பேச்சு வரவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் கடுமையான மனக்கோளாற்றை மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அதற்காகவே நாம் சான்று சேர்ப்பதாக அவர் அஞ்சியிருந்தார். நோயின் பெயர் ஒன்றே போதாது, அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்திருப்பதையெல்லாம் பின்னர் அறிந்தோம். அன்று சொல்ல முடிந்ததோ, “இல்லை, மாமா” என்ற ஒரு சொல்தான். மாற்றல் உத்தரவை எடுத்துக் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆங்கிலம் முழுவதும் புரியாவிட்டாலும், முத்திரை வரை படித்தார். மாமியாருக்கு வேறு கவலை: பதிவேட்டில் ஏறிவிட்டால் இளையவளுக்கு வரன் வருமா என்று. அதற்கு எம்மிடம் விடையில்லை, இன்றும் இல்லை.

இனி எம் தவற்றைச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் எங்களைக் கூப்பிட்டபோது பகல் இரண்டு மணி. காலை எட்டு மணி முதல் மர விசிப்பலகையில் காத்திருந்ததில் எம் துணைவியார் களைத்துப் போயிருந்தார். மருத்துவர் அமைதியானவர், இந்தியில் கேட்டார். எம் துணைவியாருக்கு இந்தி சிறிது புரியும், பேச வராது. ஆகவே கேள்விகள் எம் வழியே சென்றன, விடைகளும் எம் வழியே வந்தன. “தினமும் குளிக்கிறாரா?” குளிக்கிறார் என்றோம். “சமையல்?” செய்கிறார் என்றோம். “அக்கம்பக்கத்தில் பழகுகிறாரா?” நன்றாகப் பழகுவார் என்றோம். “மொத்தத்தில் எப்படி இருக்கிறார்?” இப்போது நலமாக இருக்கிறார் என்றோம். அவர் அருகில் அமர்ந்திருக்கையில், தலை வாரி, நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சேலையை உடுத்தி அமர்ந்திருக்கையில், அயலார் ஒருவர் முன்னே அவரைப் பற்றி வேறு விதமாகச் சொல்ல எமக்கு நா எழவில்லை. பொங்கல் விழாவில் சொல்லிப் பழகிய பொய் அங்கேயும் தானாக வந்து நின்றது.

மனநோயின் அளவை மதிப்பிடுவதற்கென்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் வகுத்து, 2002இல் அரசு ஏற்ற அளவுகோல் ஒன்று உண்டு. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை என நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் குறைபாடு இல்லையெனில் 0. முற்றிலும் இயலாதெனில் 4. நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை தனி மதிப்பெண். மொத்தம் 20. இல்லத்தரசிகளுக்கு வீட்டு வேலையே ‘வேலை’. கூட்டி 7 வந்தால்தான் 40 விழுக்காடு தொடங்கும். எம் விடைகளின்படி நான்கு தலைப்புகளுக்கும் ஒவ்வொன்று, ஆண்டுக்கணக்குக்கு இரண்டு, ஆக 6. வந்தது வெள்ளை அட்டை. 40க்குக் கீழ் வெள்ளை. 40 முதல் மஞ்சள். 80 முதல் நீலம். அந்த வெள்ளை அட்டையால் மாற்றலை நிறுத்த இயலாது.

முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் எதை முறையிடுவது? மருத்துவர் எழுதியது நாம் சொன்னதைத்தான். சீட்டரையில் எத்தனையோ பேருடைய படிவங்களை ‘விவரம் சரியில்லை’ என்று திருப்பியனுப்பியவர் நாம். எம் படிவத்தின் விவரத்தைச் சரியில்லாமல் செய்தவரும் நாமே. மாற்றலைச் சில மாதங்கள் தள்ளிப்போட வேண்டுகோள் எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “அவர் என்ன செய்கிறார் என்று எழுதாதீர்கள், நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு மாதம் எழுதி வாருங்கள்” என்றார்.

பேரேடு எழுதுவது எம் தொழிலாதலால் தேதி போட்டு, கோடு கிழித்து எழுதினோம். எழுதத் தொடங்கிய பிறகே எமக்குத் தெரிந்தது: குளிக்கிறார் என்றோமே, வெந்நீர் போட்டு, துண்டும் மாற்றுத் துணியும் எடுத்து வைத்து, மூன்று முறை கூப்பிட்டு, கதவுக்கு வெளியே நின்று “தண்ணீர் ஊற்றிக்கொண்டாயா?” என்று கேட்பது நாம். சமைக்கிறார் என்றோமே, அரிசியை அளந்து களைந்து குக்கரில் வைத்துவிட்டு அலுவலகம் போவது நாம். அடுப்பை மூட்ட நினைவூட்டி பத்தரை மணிக்குத் தொலைபேசியில் அழைப்பதும், அணைக்க மறுபடி அழைப்பதும் நாம். நன்றாகப் பழகுவார் என்றோமே, அந்த மாதம் முழுவதிலும் அவர் எம்மைத் தவிர இருவரிடமே பேசியிருந்தார்; ஒருவர் பால்காரர். மாத்திரையை நாவின் கீழ் ஒளித்த நாட்கள் நான்கு. இவை எல்லாம் ஒவ்வொன்றாக, சிறுகச் சிறுக எம் கைக்கு வந்து சேர்ந்தவை. சேர்ந்த பின் அவற்றை வேலை என்றே நாம் எண்ணவில்லை.

மனைவியை ஒற்றுப் பார்ப்பது போன்ற கூச்சம் பத்தாம் நாளே வந்துவிட்டது. நோட்டை அவரிடம் கொடுத்தோம். அவர் வெகுநேரம் படித்தார். பின்பு பேனாவைக் கேட்டு வாங்கி, ஒரு தேதியின் கீழ், ‘மதியம் சாப்பிடவில்லை, சாப்பிட்டேன் என்று போனில் சொன்னேன்’ என்று எழுதினார். அதன் பிறகு அந்த நோட்டில் இருவர் கையெழுத்தும் இருக்கிறது.

2025இல் மறுபடி மதிப்பீட்டுக்குப் போனோம். இம்முறை வேறொரு மருத்துவர், பெண்மணி. நோட்டை நீட்டியும், வாயால் சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது எமக்குப் பழைய தயக்கமே வந்தது. குளியல் பற்றிய கேள்விக்கு இந்தியில் என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருந்தோம். அப்போது எம் துணைவியார், “ஏங்க, உள்ளதைச் சொல்லிடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன். நீங்க மூணு தடவை கூப்பிட்டாத்தான் நான் எழுந்திருக்கறேன். அதைச் சொல்லுங்க” என்றார். மருத்துவர் எம்மைப் பார்த்தார். அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் இந்தியில் சொன்னோம். அடுத்த கேள்விகளுக்கும் அவரே தமிழில் விடை சொன்னார். நாம் மொழிபெயர்த்தோம், அவ்வளவே. தம்மைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசுபவருக்குக் குறைபாடு இல்லை என்று எழுதிவிடுவார்களோ என்றும் இடையில் ஒரு பயம் வந்து போயிற்று. மருத்துவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மொத்தம் 12 வந்தது. மஞ்சள் அட்டை.

மாற்றல் உத்தரவு ‘தற்போதைக்கு’ நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வருமான வரியில் கழிவு உண்டு: 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடி பிரிவு, பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கு 40 விழுக்காடு முதல் 75,000 ரூபாயும், 80 முதல் 1,25,000 ரூபாயும் என வைத்திருந்தது; 2025இல் இயற்றிய புதிய சட்டத்தில் பிரிவெண் வேறு, கணக்கரைக் கேட்டுக்கொள்க. மாத உதவித்தொகை பற்றிக் கேட்ட அன்பர்களுக்கு: மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு, அதுவும் 80 விழுக்காட்டுக்கு மேல், மாதம் 300 ரூபாய். மாநில அரசுகள் தருவது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ரயில் கட்டணச் சலுகையோ, அறிவு வளர்ச்சி குன்றியவர்க்குத் துணையாளோடு உண்டு, மனநோயாளர்க்கு இல்லை. சீட்டரையின் சன்னலுக்கு உள்ளே அமர்ந்து அப்பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பவர் நாம். எமக்குப் பாஸ் இருக்கிறது. கூலி வேலைக்கு வந்த குடும்பத்தார் எவரேனும் இந்த அட்டையோடு சன்னலுக்கு வந்தால் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியவரும் நாமே.

சான்றிதழுக்குக் காலவரை உண்டு. முடிந்தபின் மறுபடி மதிப்பீடு. நோட்டு தொடர்கிறது. இரவில் துணை வேண்டுவோர் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் சேவையை அழைத்தால் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நாம் இருமுறை அழைத்திருக்கிறோம். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர்க்காக ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு வரை சங்க நூலகத்தில் பின்வரிசை மேசையில் இருப்போம். யாருக்காக என்று சொல்ல வேண்டுவதில்லை. மருத்துவச் சீட்டுகளை மட்டும் தேதி வாரியாக அடுக்கி எடுத்து வருக. அடுக்க இயலாவிட்டால் அப்படியே கொணர்க. எம் துணைவியார் அடுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்று வர மனமிருந்தால்.