நீரற்ற மாதங்களின் அரங்கு: நயினார்கோவில் வட்டாரக் கலைப் பருவம்

முன்னுரை

அரசு அலுவலர் ஒருவரைத் தண்டனையாக இடமாற்றுவதைத் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்புதல்’ என்று கூறும் வழக்கம் தமிழகத்தில் நெடுநாளாக உண்டு. அத்தொடர் பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டத்தையே சுட்டிவந்துள்ளது. கலை, பண்பாடு பற்றிய எழுத்துகளிலும் இதன் சாயல் படிந்திருக்கிறது. நீர் வறண்ட மண்ணில் கலையும் வறண்டே இருக்கும் என்னும் எண்ணம் ஆய்வாளர்களிடமும் சொல்லாமல் குடிகொண்டிருக்கிறது. பரமக்குடி வட்டத்திலுள்ள நயினார்கோவிலையும் அதைச் சூழ்ந்த மானாவாரிச் சிற்றூர்களையும் முன்வைத்து இவ்வெண்ணத்தை இக்கட்டுரை மறுக்கிறது. இங்கு நீரற்ற மாதங்களே கலையின் மாதங்கள். இந்நாட்காட்டியை அறியாமல் வகுக்கப்படும் விதிகளும் உதவிகளும் கலைஞர்களின் வாழ்வைத் தாக்குகின்றன என்பதே இங்கு விளக்கப்படுவது.

நிலமா, காலமா?

அளவின்படி இம்மாவட்டம் பாலைவனம் அன்று. இதன் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். இம்மாவட்டத்தார் பலர் பிழைப்புக்குச் செல்லும் துபாயில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவினதே. வேறுபாடு மழை பெய்யும் காலத்தில் இருக்கிறது. இங்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பொழிந்துவிடுகிறது. கண்மாயும் ஊரணியும் பிடித்துவைத்த நீர் தீர்ந்ததும் அடுத்த பருவம் வரை காத்திருத்தலே வாழ்க்கை.

பாலைக்குத் தனி நிலம் வகுக்காமல், வேனிலையும் நண்பகலையும் அதன் பொழுதுகளாகக் கூறிய பழைய இலக்கண மரபு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அப்பாலைக்கும் துடி என்னும் பறையையும் பஞ்சுரம் என்னும் பண்ணையும் இலக்கண நூலார் கருப்பொருளாக வைத்தனர். வறட்சியைக் கலையின்மையாக அவர்கள் கருதவில்லை. நாம்தான் பிற்காலத்தில் அவ்வாறு கருதத் தொடங்கினோம்.

வேளாண் நாட்காட்டியும் கலை நாட்காட்டியும்

இவ்வட்டாரத்தில் ஆவணி, புரட்டாசியில் மழையை எதிர்நோக்கிப் புழுதி விதைப்புச் செய்வர். தையில் நெல் அறுவடை நடைபெறும். அதனையடுத்துக் குண்டு மிளகாய் பழுத்துச் சந்தைக்கு வரும். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இம்மிளகாயின் பணம் கைக்கு வரும் வேளையும் பங்குனிப் பொங்கல், சித்திரைத் திருவிழா ஆகியவற்றின் தலைக்கட்டு வரி தண்டப்படும் வேளையும் ஒன்றையொன்று ஒட்டி அமைகின்றன. வயலில் வேலையில்லை, கையில் சிறிது பணமுண்டு, இரவில் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. திறந்தவெளி அரங்கிற்கு இவற்றைவிடப் பொருத்தமான சூழல் வேறில்லை.

இவ்வுண்மையைக் கட்டுரையாளர் சிறிது வெட்கத்துடனேயே கற்றுக்கொள்ள நேர்ந்தது. பல்கலைக்கழக விடுமுறையைக் கணக்கிட்டு மார்கழியில் முதற்களப்பணிக்குச் சென்றபோது, ஒயிலாட்டக் குழுவினர் அனைவரும் வயலில் இருந்தனர். பங்குனிக்கு வருமாறு கூறி அனுப்பினர்.

சென்னையின் இசைப் பருவம் மார்கழியில் அமைந்தது வேறொரு வரலாறு. 1927இல் அங்குக் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதமி தோன்றியது. அதன் திசம்பர் விழாவே பின்னர்ப் பருவமாக நிலைபெற்றது. இராமநாதபுரம் அரண்மனையோ புரட்டாசி நவராத்திரியில் புலவர்களையும் இசைவாணர்களையும் கூட்டிச் சிறப்பித்தது. பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919) அவ்வரசவையின் ஆதரவில் விளங்கியவர். கச்சேரி மேடைக்கு இன்றைய வடிவம் தந்தவராகக் கருதப்படும் அரியக்குடி இராமானுச ஐயங்கார் அவருடைய மாணவர். ‘தண்ணியில்லாக் காடு’ மார்கழிக் கச்சேரிக்குக் கொடுத்த கொடை இது. எனினும் அரண்மனைப் பருவம் அரசரின் கருவூலத்தைச் சார்ந்தது. சிற்றூர்ப் பருவம் கண்மாயைச் சார்ந்தது.

நயினார்கோவில் நாகநாதர் கோயிலின் வைகாசி வசந்த விழாவும் ஆடிப்பூரத் திருக்கல்யாணமும் இவ்வறட்சிப் பருவத்திலேயே நிகழ்கின்றன. வாய்பேசாத தம் மகளுடன் இங்கு வந்த முல்லா ஒருவர் அவளை வாசுகித் தீர்த்தத்தில் நீராட்ட, அவள் ‘நயினார்’ என வாய்திறந்து அழைத்தாள் என்பது ஊர்ப்பெயருக்குக் கூறப்படும் தலமரபு. இன்றும் இசுலாமியர் இங்கு வந்து வழிபடுகின்றனர். அருகிலுள்ள பரமக்குடியில் சித்திரையில் அழகர் இறங்கும் வைகையும் பெரும்பாலான ஆண்டுகளில் மணற்படுகையே. அம்மணலே கடைவீதியாகவும் ஆட்டக் களமாகவும் மாறிவிடுகிறது.

விடியும்வரை நாடகம்

இப்பருவத்தின் தலையாய நிகழ்வு ஸ்பெஷல் நாடகம். இதற்கு நிலையான குழு கிடையாது. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே தேதி கேட்டு ஒப்பந்தம் செய்வர். ஒத்திகையின்றி, முன்பின் அறியாதவர்கள்கூட மேடையில் சந்தித்து ஓரிரவு முழுதும் கதையை நடத்திவிடுவர். அதற்கு அடிப்படையாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த நாடகப் பனுவல்கள் பற்றிய பொது அறிவு. வள்ளி திருமணமே மிகுதியாக நடிக்கப்படுகிறது. அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலருகே அமர்ந்து, தினைப்புனம் காக்கும் பெண்ணின் கதையை வேளாண் மக்கள் காண்பதில் ஒரு பொருத்தம் உண்டு.

முன்னிரவில் பபூனும் நடனப் பெண்ணும் நிகழ்த்தும் நகைச்சுவை இடம்பெறும். கதை தொடங்கவே நள்ளிரவு நெருங்கிவிடும். வள்ளிக்கும் நாரதருக்கும் இடையிலான தர்க்கம், நடிகரின் கல்வியும் குரல்வளமும் சோதிக்கப்படும் பகுதி, பின்னிரவுக்கு உரியது. ஊர்ப் பெரியவர்கள் விழித்திருப்பது அதற்காகவே.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாமல் மாநில அரசு தளர்வு அளிக்கலாம். ஆனால் அத்தளர்வும் நள்ளிரவு 12 மணி வரைதான். நோயாளிகளையும் மாணவர்களையும் காக்கும் இவ்விதியின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் நள்ளிரவில் நிறுத்தப்படும் நாடகத்தில் எஞ்சுவது எது என எண்ணிப்பார்க்க வேண்டும். நகைச்சுவையும் நடனமும் எஞ்சும், தர்க்கம் போய்விடும். பிறகு, இந்நாடகம் கொச்சையானது என்னும் குற்றச்சாட்டு எழும்போது அதற்கு மறுமொழி கூறும் பகுதியே மேடையில் இராது. மாலை 6 மணிக்கே தொடங்கலாமே எனக் கேட்போர், வெயிலில் காய்ந்த ஊர் உண்டு முடித்து வெளியே வரும் நேரத்தை அறியாதவர்கள்.

பங்குனி முதல் ஆடி வரையிலான வருவாயை ஆண்டு முழுமைக்கும் பங்கிட்டு உண்பவர்கள் இக்கலைஞர்கள். 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது தமிழ் நாட்காட்டியில் பங்குனி 12. மறுஆண்டும் ஏப்ரலிலேயே திருவிழாக்களுக்குத் தடை வந்தது. பிற தொழிலாளருக்குச் சில மாத இழப்பாக அமைந்தது, இவர்களுக்கு இரண்டு முழு ஆண்டுகளின் இழப்பாயிற்று. நிவாரணம் மாதக் கணக்கில் எண்ணப்பட்டது. இழப்போ பருவக் கணக்கினது.

பணம் வரும் வழியும் மாறிவருகிறது. மிளகாய்ப் பணம் குறைந்த ஊர்களில் துபாய், சிங்கப்பூர் வாழ் இளைஞர்களின் நன்கொடை நாடகத்தை நடத்துகிறது. பாலைவனப் பெருநகரம் ஒன்றில் ஈட்டிய ஊதியம் மானாவாரி நிலத்தின் மேடையைத் தாங்குகிறது. சுவரொட்டிகளில் அவர்களின் படங்கள் நடிகர்களின் படங்களைவிடப் பெரிதாக இடம்பெறுகின்றன.

முளைப்பாரி

ஆடிக்குப் பின் பெண்களின் கலை முன்னிற்கும். நவதானியங்களை ஓடுகளில் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் நீர்தெளித்து வளர்ப்பர். மாலைதோறும் முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றிக் கும்மியடித்துப் பாடுவர். புழுதி விதைப்புக்குச் சற்று முன்பு இது நிகழ்வதால், இதனை விதையின் முளைப்புத் திறனை ஊரே சேர்ந்து சோதிக்கும் செயலாகக் கொள்ளும் விளக்கம் வலுவுடையது. குடிநீருக்கே குடங்களுடன் நடக்கும் பெண்கள், அந்நீரில் ஒரு பங்கை முளைக்கு ஊற்றுகின்றனர் என்பதையும் அவ்விளக்கத்துடன் சேர்த்துக் கருத வேண்டும்.

இறுதி நாளில் முளைகள் ஊரணியில் கரைக்கப்படும். களப்பணியின்போது கண்ட ஒரு சிற்றூரில் அவ்வாண்டு ஊரணி வெடித்துக் கிடந்தது. அதன் நடுவே ஒரு குழி வெட்டி, வீட்டுக்கு ஒரு குடமாக நீர் கொணர்ந்து நிரப்பினர். அக்குழியைச் சுற்றிக் கும்மி வழக்கத்தைவிட நெடுநேரம் நீண்டது. அதன் பிறகே முளைகளைக் கரைத்தனர்.