தம்போய் தாதியரும் ஜான்சி ராணிகளும்

1941 நவம்பரில் ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில், மனநல மருத்துவமனைக் கட்டடத்தின் ஒரு பகுதியில் ஆஸ்திரேலியப் படையின் 2/13ஆம் பொது மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அங்கே பணிபுரிந்த தாதியர் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். சீருடை உண்டு, ஆயுதம் கிடையாது. ஜப்பானியருடன் நடந்த மூவார் ஆற்றங்கரைச் சண்டையில் தோற்று, காயம்பட்டவர்கள் வந்து குவிந்தபோதும் அவர்கள் இடத்தைவிட்டு நகரவில்லை. 1942 ஜனவரி இறுதியில்தான் மருத்துவமனை சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது.

பிப்ரவரி 12 அன்று 65 ஆஸ்திரேலியத் தாதியர் 'வைனர் புரூக்' என்ற கப்பலில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டனர். இரண்டு நாளில் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. நீந்தியும் படகுகளைப் பற்றியும் பாங்கா தீவில் கரையேறியவர்களில் 22 பேரை, பிப்ரவரி 16 அன்று ஜப்பானியச் சிப்பாய்கள் கடலுக்குள் நடக்கச்சொல்லிப் பின்னாலிருந்து சுட்டார்கள். தம்போயில் தலைமைத் தாதியாக இருந்த ஐரீன் டிரம்மண்ட் அங்கே இறந்தார். அந்த 22 தாதியரில் உயிரோடு மீண்டவர் விவியன் புல்விங்கிள் ஒருவரே. அவரும் தம்போயில் பணியாற்றியவர்தான். மூன்றரை ஆண்டு முகாம் வாசத்துக்குப் பின் டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் அவர் சாட்சியம் அளித்தார். 65 பேரில் நாடு திரும்பியவர்கள் 24.

அந்தத் தாதியருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. காயமடைந்தோர் பற்றிய 1929 ஜெனீவா ஒப்பந்தம், மருத்துவப் பணியாளரை எதிரியும் மதித்துக் காக்க வேண்டும் என்றது. ஜப்பான் அதை ஏற்று உறுதிசெய்திருந்தது. போர்க்கைதிகள் பற்றிய அதே ஆண்டு ஒப்பந்தத்தில் அது கையெழுத்திட்டதோடு சரி. ஆனாலும் சரணடைந்தவரைக் கொல்லக்கூடாது என்பது 1907 ஹேக் விதிகளிலேயே உண்டு. ஜொகூரில் பத்து பஹாட்டுக்கு அருகே பாரிட் சூலோங்கில் 1942 ஜனவரி 22 அன்று காயம்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியக் கைதிகளை ஜப்பானியப் படை கொன்றபோது மீறப்பட்டது அந்த விதிதான். அதற்காக அப்படையின் ஜெனரல் நிஷிமுரா 1951இல் மானுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

இவை நடந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, அதே மலாயாவில் பெண்கள் ஆயுதம் ஏந்தினார்கள். 1943 ஜூலை 12 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்குத் தனிப் படை அமைப்பதாக அறிவித்தார். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தளபதியானார். அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ சாலையில், ஜான்சி ராணி படை எனப்பட்ட அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர், பிற்காலத்து ஜானகி ஆதி நாகப்பன், பதினெட்டு வயதில் சேர்ந்து படையின் துணைத்தலைமைக்கு உயர்ந்தார். ஈப்போவின் ராசம்மா, போருக்குப் பின் ஆசிரியையாகி, ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடியவர். லயத்தில் கங்காணியின் குரலுக்கு எழுந்து பழகிய பெண்கள் முகாமில் காக்கிக் கால்சட்டை போட்டு, இந்துஸ்தானிக் கட்டளைகளுக்கு நடைபோட்டு, துப்பாக்கி சுடப் பழகினார்கள். தேசப்பற்று ஒன்றே அவர்களை இழுத்தது என்று சொல்லிவிட முடியாது. ரப்பர் வேலை நின்று தோட்டங்களில் பட்டினி பரவியிருந்தது; ஆண்களை ஜப்பானியர் சயாம் ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். படைப் பெண்களில் ஒரு பகுதியினர் பர்மா வரை சென்றும் போர்முனைச் சண்டை அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1945இல் ரங்கூனைவிட்டுப் பின்வாங்கும் வழியில், ரயில்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு ராணிகள் இறந்தனர்.

இந்தப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் யார்? ஹேக் விதிகள் தன்னார்வப் படைகளுக்கு வைத்த நிபந்தனைகள் நான்கு: பொறுப்பேற்கும் தலைவர், தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம், வெளிப்படையாக ஏந்திய ஆயுதம், போர் விதிகளுக்குக் கட்டுப்பட்ட நடத்தை. ஆண், பெண் என்ற பேச்சே அதில் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பிரிட்டிஷ் அரசு இந்திய தேசிய ராணுவத்தினரை மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தவர்களாகவே பார்த்தது. அந்த ராணுவ அதிகாரிகள் மீது 1945 நவம்பரில் தொடங்கிய செங்கோட்டை விசாரணையில் அவர்களின் வழக்கறிஞர் புலாபாய் தேசாய், போஸ் அமைத்த தற்காலிக அரசுக்குப் போரிடும் உரிமை உண்டு, அதன் படையினரைச் சாதாரணக் குற்றவியல் சட்டத்தால் தண்டிக்க முடியாது என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் மக்கள் கொதிப்பைக் கண்ட அரசு, அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனைகளை ரத்து செய்தது. பர்மாவில் பிடிபட்ட கேப்டன் லட்சுமியை 1946 மார்ச்சு வரை அங்கேயே வைத்திருந்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

யாருக்கு விசுவாசம் என்ற அந்தக் கேள்வி ஜொகூருக்கே திரும்பி வந்தது. இந்தோனேசியா மலேசியாவோடு மோதிய காலத்தில், 1964 ஆகஸ்டில் பொந்தியான் கடற்கரையிலும், செப்டம்பர் 2 அன்று லாபிஸ் பகுதியில் பாரசூட்டிலும் இந்தோனேசியப் படையினர் இறங்கினர். அந்த ஊடுருவல்களில் பிடிபட்டவர்களில் மலேசியச் சீனரும் இருந்தனர். இது தொடர்பான வழக்கில் 1967இல் பிரிவி கவுன்சில், சிறைப்பிடித்த நாட்டுக்கே விசுவாசம் கடமைப்பட்டவருக்குப் போர்க்கைதி உரிமை கிடையாது என்றது. சீருடை மட்டும் போதாது, அணிந்தவர் எந்த நாட்டுக்கு உரியவர் என்பதும் பார்க்கப்படும்.  இந்தக் கோட்பாடு பெண்ணுக்கும் பொருந்தும்.

பெண்களும் போர்க்கைதி ஆவார்கள் என்பதை 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் விரிவாகவே எழுதிவைத்தன. மூன்றாம் ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவு, ஆண் கைதிக்குக் கிடைக்கும் அளவு நல்ல நடத்துமுறை பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. தனிப் படுக்கையறை, தனிக் கழிப்பறை, தண்டனையில் அடைத்தால் பெண் காவலர் என்று அடுத்தடுத்த பிரிவுகள் இறங்கிப் பேசுகின்றன. இவை அற்பமாகத் தோன்றலாம், முகாமில் இருந்து பார்க்காதவர்களுக்கு. நான்காம் ஒப்பந்தத்தின் 27ஆம் பிரிவு, பொதுமக்களான பெண்களை வன்புணர்ச்சியிலிருந்தும் கட்டாய விபசாரத்திலிருந்தும் காக்கச் சொல்கிறது. ஆனால் அதன் வாசகத்தில் அது பெண்ணின் மானத்துக்கு இழைக்கும் தீங்காகவே வருகிறது. கடும் மீறல்களின் பட்டியலில் வன்புணர்ச்சி பெயர் சொல்லி இடம்பெறவில்லை.

மலேசியா, மலாயாக் கூட்டமைப்பாக இருந்தபோதே இந்த ஒப்பந்தங்களில் 1962இல் சேர்ந்து, அதே ஆண்டில் உள்நாட்டுச் சட்டமும் இயற்றியது. வன்புணர்ச்சியையும் பாலியல் அடிமைத்தனத்தையும் வெளிப்படையாகப் போர்க்குற்றம் என்று பெயரிட்ட, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் 2019 மார்ச்சு 4 அன்று இணைந்தது. மன்னர்களின் நிலை பாதிக்கப்படும் என்ற எதிர்ப்பில் ஜொகூர் அரண்மனையின் குரலே ஓங்கி ஒலித்தது. ஏப்ரல் 5 அன்று அரசு விலகுவதாக அறிவித்தது.