ஒரே கம்ப்யூட்டரில் பல ரூபி: மோதல் வராமல் வைத்திருப்பது எப்படி?

நேற்று வரை ஒழுங்காக ஓடிய புரோகிராம் இன்று காலை திறக்க மறுக்கிறது. அதில் யாரும் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. வைரஸ் இல்லை. ஹார்ட் டிஸ்க்கும் நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாக ஏதாவது இன்ஸ்டால் செய்தீர்களா என்று கேட்டால், "செஞ்சோம், ஆனா அது வேற சாப்ட்வேர், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று பதில் வரும். பெரும்பாலும் சம்பந்தம் இருக்கும். இரண்டு புரோகிராம்களும் அடியில் ஒரே மொழியையும் ஒரே துணைப் பைல்களையும் பயன்படுத்துகின்றன. ஆனால் இரண்டும் எதிர்பார்ப்பது வேறு வேறு பதிப்புகளை.

ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியை வைத்து இந்தச் சிக்கலையும் அதன் தீர்வையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். மற்ற மொழிகளிலும் இதே கதைதான். இதைப் புரிந்துகொண்டால் அங்கும் உதவும்.

ரூபி, ரெயில்ஸ், ஜெம்

ரூபியை ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ 1993ல் உருவாக்கத் தொடங்கி, 1995 டிசம்பரில் வெளியிட்டார். ரூபியில் இணைய அப்ளிகேஷன்களை எழுத ஒரு தயார்ச் சட்டகம் உண்டு. அதன் பெயர் ரூபி ஆன் ரெயில்ஸ். இதனை 2004ல் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வெளியிட்டார். மூன்றாவதாக ஜெம். பிறர் எழுதிப் பொதுவில் தந்திருக்கும் துணைப் புரோகிராம் தொகுப்பு ஒவ்வொன்றும் ஒரு ஜெம். பிடிஎப் தயாரிக்க ஒரு ஜெம், எக்செல் பைல் படிக்க ஒரு ஜெம் என்று எல்லாவற்றிற்கும் கிடைக்கும். ரெயில்ஸே ஒரு ஜெம்தான். சிறிய ரெயில்ஸ் ப்ராஜெக்ட்டிலும் சில டஜன் ஜெம்கள் இருக்கும்.

நம் ஊருக்கும் இது அந்நியமில்லை. 2010ல் சென்னையில் தொடங்கி, 2021 செப்டம்பரில் ப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்த நிறுவனத்தின் முதல் தயாரிப்பான ப்ரெஷ்டெஸ்க், ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டதுதான். அது தொடங்கிய ஆண்டில் வெளிவந்தது ரெயில்ஸ் 3.0. 2024 நவம்பரில் 8.0 வந்துவிட்டது. ரூபியும் நிற்கவில்லை. 2013 முதல் ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் அன்று ஒரு புதிய பதிப்பு வெளியாகிறது.

ஒரே ரூபி ஏன் போதாது?

"எல்லாவற்றிற்கும் புதிய பதிப்பையே போட்டுவிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. 2018 ஏப்ரலில் வந்த ரெயில்ஸ் 5.2ஐ எடுத்துக்கொள்வோம். 2020 கிறிஸ்துமஸுக்கு வந்த ரூபி 3.0, செயல்பாடுகளுக்கு மதிப்புகளை அனுப்பும் முறையில் ஒரு மாற்றம் செய்தது. எனவே ரெயில்ஸ் 5.2 அதில் ஓடாது. ரெயில்ஸ் 8.0க்கோ குறைந்தது ரூபி 3.2 வேண்டும். ஒன்றுக்கு 3.0க்குக் கீழே, மற்றதற்கு 3.2 அல்லது அதற்கு மேலே. இரண்டுக்கும் பொதுவான ரூபி ஒன்றுகூட இல்லை.

காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு தறியில் டிசைனைச் சொல்வது துளையிட்ட அட்டைக் கட்டு. 240 கொக்கிப் பெட்டிக்காகக் குத்திய அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் டிசைன் வராது. அட்டையும் நல்ல அட்டை, பெட்டியும் நல்ல பெட்டி. ஆனால் இரண்டும் ஜோடி இல்லை. புரோகிராமும் ரூபியும் இப்படித்தான். எந்த அட்டைக்கு எந்தப் பெட்டி என்பதை எழுதி வைக்க வேண்டும்.

தாமலில் ஒரு வெள்ளிக்கிழமை

தாமலில் என் மாமா சில பட்டுத் தறிகளைக் கவனித்துக்கொள்கிறார். கல்லூரியில் படிக்கும்போது, 2018ல், அவருக்கு ஒரு கூலிக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். யாருக்கு எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை கொடுத்தது, எத்தனை சேலை அறுத்து வந்தது, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது எல்லாம் அதில்தான். ரூபி 2.5.1, ரெயில்ஸ் 5.2. வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏழு ஆண்டுகள் ஓடியது.

2025ல் மாமா மகள் தன் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக அதே கம்ப்யூட்டரில் புதிய ரூபி 3.3ஐ இன்ஸ்டால் செய்தாள். அவள் செய்ததில் தவறு எதுவும் இல்லை. அவள் படிக்கும் ரெயில்ஸ் 8.0க்கு அது தேவை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை மாலை மாமாவிடமிருந்து போன். "தம்பி, கணக்கு திறக்கல. நாளைக்குக் கூலி குடுக்கணும். யாருக்கு எவ்ளோ முன்பணம் நிக்குதுன்னு மனசுல எப்படி வச்சிருக்கிறது?"

திரையில் வந்த செய்தியைப் படிக்கச் சொன்னேன். "உங்கள் ரூபி பதிப்பு 3.3.6, ஆனால் உங்கள் ஜெம்பைலில் குறிப்பிட்டது 2.5.1" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியில் நோயும் மருந்தும் இரண்டும் இருந்தன. பத்து நிமிடத்தில் கணக்கு திறந்தது. எப்படி என்று கீழே பார்க்கலாம்.

முதலில் ஒரு ஆறுதல். இப்படிப் புரோகிராம் நின்றாலும் பதிந்த கணக்கு அழியாது. அது டேட்டாபேஸ் பைலில் தனியாக இருக்கும். எஸ்கியூலைட் பயன்படுத்தும் பழைய ரெயில்ஸ் ப்ராஜெக்ட் என்றால், வழக்கமாக டிபி என்ற போல்டரில் ஒரே பைலாக இருக்கும். எதையும் தொடுவதற்கு முன் அந்தப் பைலை ஒரு பென் டிரைவில் காப்பி செய்துவிடுங்கள். பதற்றத்தில் எல்லாவற்றையும் அன்-இன்ஸ்டால் செய்வதுதான் உண்மையான ஆபத்து.

விண்டோஸில் என்ன செய்வது?

விண்டோஸில் ரூபியைப் போட ரூபி இன்ஸ்டாலர் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இது ஒவ்வொரு பதிப்பையும் சி டிரைவில் தனித் தனி போல்டரில் வைக்கும். போல்டர் பெயரிலேயே 25, 33 என்று பதிப்பு எண் இருக்கும். எனவே புதியது வந்ததால் பழையது அழிவதில்லை. "ரூபி" என்று டைப் செய்தால் எந்தப் போல்டரில் முதலில் தேட வேண்டும் என்ற வரிசைதான் மாறுகிறது. இந்த வரிசைக்குப் பாத் என்று பெயர்.

பழைய ப்ராஜெக்ட்டைத் திறக்க, ஸ்டார்ட் மெனுவில் பழைய ரூபியின் பெயரில் உள்ள பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே ரூபியுடன் கமாண்ட் ப்ராம்ட்டைத் தொடங்கும் குறுக்குவழி இருக்கும். அதனைக் கிளிக் செய்தால் திறக்கும் கறுப்பு விண்டோவில் மட்டும் அந்தப் பழைய ரூபி முதலிடம் பெறும். அதில் ப்ராஜெக்ட் போல்டருக்குச் சென்று வழக்கம்போல் இயக்கலாம். மாமா வீட்டில் செய்தது இதுதான். இரண்டு ப்ராஜெக்ட்டுகளுக்கும் டெஸ்க்டாப்பில் தனித் தனி ஐகான் வைத்தாயிற்று.

லினக்ஸிலும் விண்டோஸ் 11லும் இன்னொரு வழி

உபுண்டு போன்ற லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு ஆர்பிஎன்வி என்ற இலவசப் புரோகிராம் உள்ளது. டைப் செய்யும்போது ஆர், பி, இ, என், வி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். அதனுடன் ரூபி-பில்ட் என்ற துணையையும் போட்டுக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11லும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி மூலம் உள்ளேயே உபுண்டுவை வைத்துக்கொண்டு இதனைப் பயன்படுத்தலாம். ஆர்விஎம், ஏஎஸ்டிஎப் என்று வேறு சில புரோகிராம்களும் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பயன்படுத்துங்கள். இரண்டைக் கலந்தால் அவை ஒன்றோடொன்று மோதும்.

கட்டளைகளை உச்சரிப்பு முறையில் இங்கு தந்துள்ளேன். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு இடையே இடம் விட்டு டைப் செய்து என்டர் தட்டவும்.

1. "ஆர்பிஎன்வி இன்ஸ்டால் 3.3.6". அந்தப் பதிப்பு டவுன்லோட் ஆகி, உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் ஆகும். சில நிமிடங்கள் பிடிக்கும்.

2. ப்ராஜெக்ட் போல்டருக்குள் சென்று "ஆர்பிஎன்வி லோக்கல் 3.3.6". உடனே அந்தப் போல்டரில் ஒரு சிறிய பைல் உருவாகும். புள்ளியில் தொடங்கி ரூபி-வெர்ஷன் என்று பெயர் பெற்ற அந்தப் பைலில் பதிப்பு எண் மட்டுமே இருக்கும்.

3. "ரூபி -வி". இப்போது எந்த ரூபி இயங்குகிறது என்று காட்டும்.

இது எப்படி வேலை செய்கிறது? நீங்கள் "ரூபி" என்று டைப் செய்ததும் அதனை முதலில் வாங்கிக்கொள்வது ஆர்பிஎன்வி வைத்திருக்கும் ஒரு இடைத்தரகர் பைல். அது நீங்கள் இருக்கும் போல்டரில் பதிப்பு எண் பைலைத் தேடும். இல்லை என்றால் அதற்கு மேலே உள்ள போல்டரில் தேடும். எங்கும் இல்லை என்றால் பொதுவாக வைத்த ரூபியை எடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரூபி 3.1க்கு முந்தைய பதிப்புகள் ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற பாதுகாப்பு நூலகத்துடன் சேராது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 அந்த நூலகத்துடன்தான் வந்தது. அதில் பழைய ரூபியைப் போடும்போது பிழைச் செய்தி வந்தால் முதலில் ரூபி-பில்ட்டைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் முயற்சி செய்யுங்கள்.

ஜெம்களுக்குக் கணக்குப்பிள்ளை

ரூபி பிரிந்துவிட்டது. ஜெம்கள்? ஒரே ஜெம்மின் பல பதிப்புகள் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம். ஆனால் ஓடும் ஒரு புரோகிராமுக்குள் ஒரு பதிப்புதான் நுழைய முடியும். தவறான பதிப்பு முதலில் நுழைந்துவிட்டால் "ஏற்கனவே வேறு பதிப்பு இயக்கப்பட்டுவிட்டது" என்ற செய்தியுடன் புரோகிராம் நின்றுவிடும்.

இதைத் தீர்ப்பது பண்ட்லர். 2010ல் ரெயில்ஸ் 3.0 உடன் சேர்ந்து பரவிய இந்தப் புரோகிராம் இரண்டு பைல்களை வைத்துக்கொள்கிறது. ஒன்று ஜெம்பைல். இதில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ~> 5.2.0 என்று எழுதினால், 5.2 வரிசைக்குள் எதுவும் சம்மதம், 5.3 வேண்டாம் என்று பொருள். மற்றது ஜெம்பைல்.லாக். இதில் கடைசியில் எடுத்த சரியான பதிப்பு எண்களைப் பண்ட்லர் தானே எழுதும். முதலாவது கடைக்குக் கொடுத்த சீட்டு. இரண்டாவது கடைக்காரர் தந்த பில். நாளை அதே பொருள் வேண்டுமானால் பில்லைத்தான் காட்ட வேண்டும்.

"பண்டில் இன்ஸ்டால்" என்றால் லாக் பைலில் உள்ள அதே பதிப்புகள் வந்து சேரும். புரோகிராமை இயக்கும்போது முன்னால் "பண்டில் எக்ஸெக்" என்று சேர்த்தால் லாக் பைலில் உள்ள பதிப்புகள் மட்டுமே நுழையும்.

லாக் பைல் ஏன் முக்கியம் என்பதற்கு 2025 ஜனவரியே சாட்சி. கன்கரண்ட்-ரூபி என்ற ஜெம்மின் 1.3.5 பதிப்பு வந்தது. கடைசி எண்தான் மாறியிருந்தது. அதுவரை இந்த ஜெம், லாகர் என்ற இன்னொரு நூலகத்தையும் தன்னோடு அழைத்து வந்துகொண்டிருந்தது. புதிய பதிப்பில் அதை நிறுத்திவிட்டார்கள். ரெயில்ஸ் 7.0ம் அதற்கு முந்தையவையும், தாங்கள் கேட்காமலே வந்துகொண்டிருந்த அந்த லாகரை நம்பியிருந்தன. புதிய பதிப்பை எடுத்த பழைய ரெயில்ஸ் ப்ராஜெக்ட்டுகள் தொடங்கவே இல்லை. லாக் பைலில் 1.3.4 என்று எழுதியிருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. "ஏதோ பிழை வருகிறது" என்று லாக் பைலை அழித்துவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பூட்டினால் மட்டும் போதாது

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மறந்துவிடலாமா? கூடாது. 2013 ஜனவரி 8 அன்று ரெயில்ஸில் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. வெளியில் உள்ள ஒருவர் உங்கள் சர்வரில் தன் விருப்பப்படி கட்டளைகளை ஓட்ட அது வழி செய்தது. அன்றே 2.3.15, 3.0.19, 3.1.10, 3.2.11 என்ற நான்கு திருத்தப் பதிப்புகள் வந்தன. பழைய 2.3 வரிசையில் இருந்தவர்கள் ரெயில்ஸ் 3க்குத் தாவ வேண்டியிருக்கவில்லை. தங்கள் வரிசையிலேயே கடைசி எண்ணை மட்டும் மாற்றினால் போதும். எந்தப் பதிப்பில் இருக்கிறோம் என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு இது சில நிமிட வேலை.

ஆனால் இந்தத் திருத்தம் என்றைக்கும் வந்துகொண்டிருக்காது. ரூபி 2.5க்கு ஆதரவு 2021ல் முடிந்தது. ரெயில்ஸ் 5.2க்கு 2022ல் முடிந்தது. எனவே மாமாவின் கணக்கு வீட்டுக்குள் ஒரே கம்ப்யூட்டரில் ஓடும்வரை சமாளிக்கலாம். அதை இண்டர்நெட்டில் வைக்கக் கூடாது. நானும் அதனைப் படிப்படியாக மாற்றிவருகிறேன். முதலில் 6.0, பிறகு 6.1, 7.0 என்று ஒவ்வொரு படியாக. ஒவ்வொரு படியிலும் ஒரு பழைய வாரத்தின் கூலியைப் போட்டு, பழைய புரோகிராம் தந்த தொகையே வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த படி.

நினைவில் வைக்க

* ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் ரூபி பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.
* ஜெம்பைல், ஜெம்பைல்.லாக் இரண்டையும் சேர்த்தே பேக்கப் எடுங்கள். லாக் பைலை அழிக்காதீர்கள்.
* "பண்டில் அப்டேட்" என்று மட்டும் கொடுத்தால் எல்லா ஜெம்களும் ஒரே நேரத்தில் மாறும். மாற வேண்டிய ஜெம்மின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.
* "பண்டில் அவுட்டேட்டட்" கட்டளையை மாதம் ஒருமுறை கொடுத்து, எவை பழையதாகிவிட்டன என்று பாருங்கள்.
* அப்டேட் செய்வதற்கு முன் டேட்டாபேஸ் பைலைக் காப்பி செய்யுங்கள். கூலி நாளுக்கு முந்தைய நாள் அப்டேட் செய்யவே செய்யாதீர்கள்.