உடனொளிர் இரண்டாம்நிலைப் பிறபொருளெதிரி

உடனொளிர் இரண்டாம்நிலைப் பிறபொருளெதிரி என்பது, மற்றொரு பிறபொருளெதிரியைப் பற்றிக்கொள்ளும், ஒளிரும் சாயம் இணைக்கப்பட்ட புரதம் ஆகும். உயிரணுவில் ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே இருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் கண்டறிய நோயெதிர்ப்பியல் ஆய்வகங்களில் இது பயன்படுகிறது. பிறபொருளெதிரியை ஆன்டிபாடி என்றும், பள்ளிப் பாடநூல்களில் எதிர்ப்பொருள் என்றும் சொல்வர்.

அடிப்படை

பிறபொருளெதிரி, இரு கிளைகளாகப் பிரியும் கவைக்கொம்பு போன்ற வடிவம் கொண்டது. கிளைகளின் நுனிகள் இலக்கைப் பற்றுகின்றன. இலக்குக்கு ஏற்ப இந்த நுனிகள் வேறுபடும். அடித்தண்டோ ஒரே விலங்கின் ஒரே வகைப் பிறபொருளெதிரிகள் அனைத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒரு பள்ளி மாணவர்களின் முகங்கள் வேறு, சீருடை ஒன்று என்பதைப் போன்றது இது. இலக்கை நேரடியாகப் பற்றுவது முதல்நிலைப் பிறபொருளெதிரி. அதன் 'சீருடையை' அடையாளம் கண்டு பற்றுவது இரண்டாம்நிலைப் பிறபொருளெதிரி.

சுண்டெலியின் பிறபொருளெதிரியை ஆட்டுக்குச் செலுத்தினால், ஆட்டின் உடல் அதை அயற்பொருளாகக் கருதி எதிர்வினை புரியும். அப்போது உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்துத் தூய்மையாக்கிச் சாயம் ஏற்றுகின்றனர். ஆய்வகங்களில் 'ஆட்டின் சுண்டெலி-எதிரி' என்று குறிப்பிடப்படுவது இதுவே.

வரலாறு

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ், 1941இல் சாயம் இணைத்த பிறபொருளெதிரி தன் பற்றும் திறனை இழப்பதில்லை என்று காட்டினார். அவர் முதலில் பயன்படுத்திய சாயம் நீல நிறத்தில் ஒளிர்ந்தது. திசுக்களும் இயல்பாகவே நீலமாக ஒளிர்வதால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. எனவே பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீனுக்கு மாறினார். 1954இல் தாமஸ் வெல்லரும் கூன்ஸும், சின்னம்மை, அக்கி ஆகியவற்றின் வைரசுகளை ஆராய மறைமுக முறையைக் கையாண்டனர். குணமடைந்தவரின் குருதிச்சீரம் முதல்நிலையாகவும், சாயமேற்றிய மனித-எதிரி இரண்டாம்நிலையாகவும் அமைந்தன.

செயல்முறை

உயிரணுவின் நுண்குழல்களை ஆக்கும் டியூபுலின் புரதத்தைக் காண வேண்டும் எனக் கொள்வோம்.

1. உயிரணுக்களை ஃபார்மால்டிஹைடு கொண்டு நிலைப்படுத்தி, சோப்புத் தன்மையுள்ள கரைசலால் படலத்தில் துளைகள் ஏற்படுத்துவர்.
2. வெற்றிடங்களில் பிறபொருளெதிரி ஒட்டாதிருக்க, ஆட்டின் சாதாரணச் சீரத்தில் ஊறவைப்பர்.
3. டியூபுலினைப் பற்றும் சுண்டெலிப் பிறபொருளெதிரியைச் சேர்த்து, பின் கழுவுவர்.
4. சாயமேற்றிய ஆட்டின் சுண்டெலி-எதிரியைச் சேர்த்து இருளில் வைத்து, மீண்டும் கழுவுவர்.
5. உடனொளிர்வு நுண்ணோக்கியில் காண்பர்.

ஃபுளோரசீன் வகைச் சாயம் ஏறத்தாழ 495 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உட்கவர்ந்து, ஏறத்தாழ 520 நானோமீட்டரில் பச்சை ஒளியை வெளிவிடும். வடிகட்டி நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் கண்ணுக்கு விடுவதால், கரும் பின்னணியில் நுண்குழல்கள் பச்சை நூல்களாகத் தெரியும்.

நன்மைகளும் வரம்புகளும்

ஒரு முதல்நிலைப் பிறபொருளெதிரியின் மீது பல இரண்டாம்நிலைப் பிறபொருளெதிரிகள் ஒட்டுவதால் ஒளி பெருகுகிறது. சுண்டெலியில் உருவான எந்த முதல்நிலைக்கும் பொதுவாக ஒரே இரண்டாம்நிலை போதும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சாயம் ஏற்றத் தேவையில்லை.

இரண்டு புரதங்களை ஒரே நேரத்தில் காண வேண்டுமானால், முதல்நிலைகள் வெவ்வேறு விலங்கினுடையவையாக இருப்பது நல்லது. இரண்டும் சுண்டெலியின் ஒரே வகை என்றால் இரண்டாம்நிலைக்கு வேறுபாடு தெரியாது. சுண்டெலித் திசுவில் சுண்டெலி-எதிரியைப் பயன்படுத்தினால், திசுவில் இயல்பாக உள்ள பிறபொருளெதிரிகளும் ஒளிரும். தொடர்ந்து ஒளி பட்டால் சாயம் மங்கிவிடும்.

ஒளிர்வது எல்லாம் உண்மையா?

இம்முறையில் மாணவர் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. நாம் காணும் ஒளி இலக்குப் புரதத்தினுடையது அன்று; இரண்டாம்நிலை ஒட்டிய இடத்தினுடையது. அது தவறான இடத்தில் ஒட்டினாலும் படம் அழகாகவே இருக்கும். எனவே ஒரு மாதிரியில் முதல்நிலையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற அனைத்தையும் அப்படியே செய்ய வேண்டும். அங்கும் அதே ஒளிர்வு தெரிந்தால் முடிவை நம்ப முடியாது. ஆனால் இச்சோதனை இரண்டாம்நிலையை மட்டுமே சரிபார்க்கும். முதல்நிலை சரியான புரதத்தைத்தான் பற்றுகிறதா என்பதை அறிய, அப்புரதமே இல்லாத உயிரணுக்களில் தனியே சோதிக்க வேண்டும்.

மருத்துவப் பயன்பாடு

லூபசு போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில், உயிரணுக் கருவைத் தாக்கும் பிறபொருளெதிரிகளைக் கண்டறிய இம்முறை உதவுகிறது. கண்ணாடிச் சில்லில் உள்ள ஹெப்-2 என்னும் மனித உயிரணுக்களின் மீது நோயாளியின் சீரத்தை இட்டு, சாயமேற்றிய மனித-எதிரியைச் சேர்ப்பர். இங்கு முதல்நிலை நோயாளியின் குருதியிலிருந்தே கிடைக்கிறது. கரு ஒளிர்ந்தால் அத்தகைய பிறபொருளெதிரி உள்ளது என்று பொருள். நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளன்று. நலமாக உள்ள சிலரிடமும் இது காணப்படுவதால், சீரத்தை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தும் ஒளிர்கிறது என்பதையும், நோய்க்குறிகளையும், பிற சோதனைகளையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.