படிக்கும் வழி பல. பதியும் வழி எது?

ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே ஆசிரியை. ஆயினும் நாம் படிக்கும் விதங்களோ பல. உரக்க வாசித்தால்தான் ஒருத்திக்கு மனநிறைவு. மற்றொருத்தி வாய் திறவாமல் எழுதி எழுதிப் பார்ப்பாள். வேறொருத்தி பாடத்தைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவாள். “எனக்கு ஏற்ற முறை எது?” என்னும் கேள்வி, பொதுத் தேர்வை எதிர்நோக்கும் ஒவ்வொரு மாணவியின் உள்ளத்திலும் எழுவது இயல்பே.

இதற்கு விடை காணக் கல்வியாளர் பலர் முயன்றுள்ளனர். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பவர், பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்து பழகுதல் என நான்கு விருப்பங்களை வகுத்து, ஒருவர் எதை மிகுதியும் விரும்புகிறார் என்று அறியக் கேள்வித்தாள் ஒன்றை அமைத்தார். 1992-இல் வெளிவந்த அம்முறை பல நாடுகளுக்கும் பரவியது.

விருப்பம் உண்மைதான். ஆனால் அவரவர் விருப்பத்திற்கேற்பக் கற்பித்தால் பாடம் நன்றாகப் பதியும் என்பது உண்மையா? 2008-இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியல் அறிஞர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்தனர். அதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

சற்றுச் சிந்தித்தால் காரணம் விளங்கும். காவிரியின் துணையாறுகளைக் காதால் மட்டும் கேட்டால் போதுமா? நிலப்படத்தில் குறித்துப் பழக வேண்டாமா? ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைக் கண்ணால் மட்டும் கற்க இயலுமா? கவராயத்தைக் கையில் எடுக்காமல் வடிவியல் வருமா? ஆகவே முறையைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. “நான் காதால் கற்பவள்; கணக்கு எனக்கு வராது” என்று பதினைந்து வயதில் ஒருத்தி முடிவு கட்டிவிட்டால், பதினொன்றாம் வகுப்பில் தான் சேரக்கூடிய பிரிவின் கதவைத் தானே அடைத்துக்கொள்கிறாள் அல்லவா?

அப்படியானால் நம் படிப்பு பதிந்ததா என்று அறிவது எப்படி? புத்தகத்தை மூடிப் பார்த்தால் தெரியும்! 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். மாணவர்கள் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். வேறொரு பகுதியை ஒருமுறை படித்துவிட்டுப் பாராமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்ததே முந்தி நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, இருமுறை படித்ததில் 42 விழுக்காடும், பாராமல் எழுதியதில் 56 விழுக்காடும் நினைவில் இருந்தன. திரும்பத் திரும்ப வாசிக்கையில் “எல்லாம் தெரியும்” என்று தோன்றும் நிறைவு நம்மை ஏமாற்றக்கூடும் என்பது இதனால் புலனாகிறது.

1885-இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், தம்மையே சோதித்து, கற்றது முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்துபோகிறது எனக் காட்டினார். ஆதலால் ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, மூன்று நாள்களில் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மேல்.

தோழியரே, நீங்களே சோதித்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வழக்கம்போல் படியுங்கள். மற்றொன்றை அதே நேர அளவில் ஒருமுறை படித்து, பாராமல் எழுதி, விட்டதைத் திருத்துங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டிலும் கேள்விகள் கேட்கச் சொல்லி மதிப்பெண் இட்டுப் பாருங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். அதிகாலையா, இரவா, தனி அறையா, திண்ணையா என்பன அவரவர் விருப்பம். அவற்றை எங்களுக்கு விட்டுவிடுங்கள். சத்தம் கேட்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். புத்தகத்தை வாங்கிக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள். அதுவே எங்களுக்குப் பேருதவி.